பதிவில் இடும் குறியும் பதிவுதான்: சோதனைக்கூடங்களுக்கும் மென்பொருள் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

பொருள் சோதனைக்கூடங்களை நடத்துவோருக்கும், சோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுவோருக்கும், அங்கீகாரத் தணிக்கைக்கு வருவோருக்கும் வணக்கம்.

ஒரு பொருளின் துண்டை இழுத்தோ அடித்தோ முறித்துப் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது இயந்திரத்தின் அருகே நிற்பவர் எதையோ கவனிக்கிறார். 'டக்' என்று ஓர் ஓசை. சோதனைத் துண்டின் ஓரத்தில் மெல்லிய விரிசல். துண்டின் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரின் கத்திமுனை இம்மியளவு நழுவியதுபோல் ஓர் அசைவு. அந்தக் கணத்தை அப்போதே, அந்தப் பதிவிலேயே குறித்துவைக்க அவருக்கு வழி வேண்டும். குறித்தது யாராலும் சத்தமின்றி அழிக்கப்படாமல், பதிவு போகுமிடமெல்லாம் கூடவே போக வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். கேட்பதற்கு எளிமையாகத் தெரிகிற இது, பல சோதனைக்கூடங்களில் இன்னும் நடக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது? விசை, இடப்பெயர்ச்சி, திரிபு (மூல நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) ஆகியவற்றைக் கணினி நொடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ எழுதிக்கொண்டே போகிறது. பக்கத்தில் ஒரு கேமரா ஓடுகிறது. சில இடங்களில் ஒலி உணரிகளும் உண்டு. துண்டு முறிந்ததும் மென்பொருள் தானாகவே நெகிழ்வுப் புள்ளியையும் (பொருள் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் இடம்) உச்ச விசையையும் முறிவையும் தேடிப்பிடித்து, விசை-நீட்சி வளைகோட்டின் மேல் சின்னச் சின்னக் குறிகளை வைத்துவிடுகிறது. அவை கணக்கிட்டுக் கிடைத்தவை. மனிதர் கண்டவையும் கேட்டவையும் எங்கே? குறிப்பேட்டின் ஓரத்தில், மேசையில் கிடக்கும் துண்டுச் சீட்டில், பெரும்பாலும் அவருடைய நினைவில். அறிக்கை கிளம்பும்போது கணக்கிட்ட புள்ளிகள் அதனுடன் போகின்றன. கண்ட புள்ளிகள் பின்தங்கிவிடுகின்றன. சில மாதங்கள் கழித்து யாராவது "இந்த இடத்தில் வளைகோடு ஏன் துள்ளியிருக்கிறது?" என்று கேட்டால், அன்று நின்றவரைத் தேட வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது மறந்திருப்பார்.

காகிதத்தில் பேனா கோடு இழுத்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. விசையும் நீட்சியும் வரைந்துகொண்டே போகும் தாளில், கோட்டுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதலாம்: "இங்கே எக்ஸ்டென்சோமீட்டர் கழற்றப்பட்டது", "இங்கே சத்தம்". சுருள்தாள் பதிவுக் கருவிகள் சிலவற்றில் இதற்கென்றே தனிப் பேனா இருந்தது. பொத்தானை அழுத்தினால் தாளின் விளிம்பில் அது ஒரு சிறு வெட்டுக்கோடு போடும். கோடும் குறிப்பும் ஒரே தாளில் இருந்ததால் ஒன்றை விட்டு மற்றொன்று பிரிய வழியே இல்லை. கணினிக்கு மாறியபோது வாசிப்புகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது, துல்லியமும் கூடியது. தாளின் ஓரம் மட்டும் காணாமல் போயிற்று. காகிதத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்த ஓரத்தைத் திருப்பித் தாருங்கள் என்கிறேன்.

இது ஏதோ ஒழுங்குப் பிரியர்களின் பிடிவாதம் என்று தோன்றலாம். ஓர் இழுவிசைச் சோதனையை அருகில் சென்று பார்ப்போம். எக்ஸ்டென்சோமீட்டரின் இரண்டு கத்திமுனைகளும் துண்டின் மேல் அழுந்தி நிற்கின்றன. விசை ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென வளைகோட்டில் ஒரு படி. கத்திமுனை நழுவியிருந்தால், விசை தன்போக்கில் ஏறிக்கொண்டிருக்க, திரிபு மட்டும் துள்ளும். பிடியில் துண்டு வழுக்கியிருந்தால் விசை சட்டென்று இறங்கும். துண்டு ஒரு கணம் தளர்வதால் திரிபும் சற்றே பின்வாங்கும். பிறகு இரண்டும் பழைய தடத்திலேயே மீண்டும் ஏறும். உலோகமே நெகிழ்ந்திருந்தால் விசை இறங்கும், ஆனால் திரிபு ஏறும். இந்த மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும்தான். ஆனால் வாசிப்புகள் போதிய வேகத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், இடையில் எந்த வடிகட்டியும் வளைகோட்டை வழவழப்பாக்கியிருக்கக் கூடாது. வழவழப்பாக்கிய கோப்பில் மூன்றும் ஒரே மாதிரியான சின்ன வளைவுகளாகிவிடும். யாரோ இயந்திரத்தின் மேல் சாய்ந்ததால் வந்த அதிர்வு என்றால், எந்தக் கோப்பும் அதைச் சொல்லாது. அங்கே நின்றவர்தான் சொல்ல வேண்டும்.

அலுமினியம்-மக்னீசியக் கலப்புலோகங்களில் நிலைமை இன்னும் கடினம். அவற்றின் வளைகோடே இயல்பாக ரம்பப் பற்கள் போல ஏறி இறங்கும். போர்த்தவென், லெ ஷாத்தலியே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் இந்த விளைவு 1923ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. அத்தனை பற்களுக்கு நடுவே ஒரு பல் மட்டும் பிடி வழுக்கியதால் வந்தது என்றால், அதைப் பின்னால் வந்து யார் கண்டுபிடிப்பது? அந்த நொடியில் "கீழ்ப்பிடியில் அசைவு" என்று ஒரு குறி விழுந்திருந்தால் அத்துடன் விவாதம் முடிந்தது.

குறைகார்பன் உருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகங்களின் இழுவிசைச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 6892-1 என்ற பன்னாட்டுத் தரநிலை, கீழ் நெகிழ்வு வலிமையை வரையறுக்கும்போது, நெகிழ்வின்போது காணும் மிகக் குறைந்த தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் வரும் விசை) என்று சொல்லி, தொடக்கத்தில் தோன்றும் தற்காலிகத் துள்ளல்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. அந்தத் துள்ளல் எங்கே முடிகிறது? மென்பொருளில் யாரோ எப்போதோ வைத்த ஓர் அமைப்பு அதைத் தீர்மானிக்கிறது. அமைப்பை மாற்றினால் விடையும் சற்று மாறுகிறது. அதே நேரத்தில் துண்டின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூடாக உருட்டிய உருக்கின் மேலிருக்கும் கருநிறச் செதில், ஓர் இடத்தில் விரிசலிட்டுப் பொடிப்பொடியாக உதிரத் தொடங்குகிறது. உதிரும் எல்லை துண்டின் நெடுக நகர்ந்து செல்கிறது. நெகிழ்வுப் பட்டை முன்னேறுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பியோபேர் என்ற ஆய்வாளர் 1842இலும் லூடர்ஸ் என்பவர் 1860இலும் விவரித்தது இத்தகைய பட்டைகளைத்தான். உலோகத்தின் மேற்பரப்பைக் கூர்ந்து பார்த்தே அந்த அறிவு வந்தது. இன்று அதே காட்சி முழுவதும் காணொளியில் பதிவாகிறது. "பட்டை தொடங்கியது", "பட்டை மறுமுனையை அடைந்தது" என்ற இரண்டு குறிகள் அதில் இருந்தால், கீழ் நெகிழ்வு வலிமையை எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பதற்கு அமைப்பைத் தவிர இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. அந்த இரண்டு குறிகள் இல்லாத காணொளியை யாரும் முழுதாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. அது வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

குறிகளில் இரண்டு வகை உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: நடக்கும்போதே இடுவது ஒன்று, பிறகு அமர்ந்து பார்த்து இடுவது மற்றொன்று. ஊசல் சுத்தியல் நொடிக்கு 5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து அடிக்கும் சார்ப்பி சோதனையில் எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். அங்கே மனிதக் கைக்கு வேலையில்லை. அந்தச் சோதனையின் விசைப் பதிவுக்கான ஐஎஸ்ஓ 14556 தரநிலை, பதிவின் மேல் குறிக்க வேண்டிய விசைகளையே பெயரிட்டுச் சொல்கிறது: பொது நெகிழ்வு விசை, உச்ச விசை, கட்டுப்பாடற்ற விரிசல் தொடங்கும் விசை, விரிசல் நிற்கும் விசை. ஆனால் அடியின் அதிர்வலைகள் வளைகோட்டின் மேல் படிந்திருப்பதால், பொது நெகிழ்வு எங்கே என்பதை அலைகளின் நடுவே ஒரு கோட்டைப் பொருத்தித்தான் முடிவு செய்ய வேண்டும். இருவர் பொருத்தினால் இரண்டு இடங்களில் விழ வாய்ப்புண்டு. அதில் தவறில்லை. யார் பொருத்தினார், எப்படிப் பொருத்தினார் என்பது குறியோடு இல்லாமல் போவதுதான் தவறு. இரண்டு வகைக் குறிகளுக்கும் மதிப்புண்டு; ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடாதபடி அவை பதிவில் வேறுவேறாகத் தெரிய வேண்டும்.

நடக்கும்போதே இடும் குறிக்கு ஒரு குறை உண்டு, அது நேரத்தில் பிந்தும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் கால் நொடியாவது போய்விடும்; எதிர்பாராத நிகழ்வு என்றால் இன்னும் கூடும். இந்தத் தாமதம் எவ்வளவு பாதிக்கும் என்பது சோதனையின் வேகத்தைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 6892-1இல் நெகிழ்வை அளக்கப் பரிந்துரைக்கப்படும் திரிபு வேகம் நொடிக்கு 0.00025. அரை நொடி பிந்தினால் திரிபில் 0.0125 சதவீதம்தான் நகரும். அதே தரநிலையில் நெகிழ்வைத் தாண்டிய பின் பரிந்துரைக்கப்படும் வேகம் நொடிக்கு 0.0067. அங்கே அரை நொடி என்பது 0.3 சதவீதத்துக்கும் அதிகம். நெகிழ்வை வரையறுக்க நாம் வைத்திருக்கும் 0.2 சதவீத விலகலை (நிரந்தரத் திரிபை) விட இது பெரிது. ஆகவே குறி கொஞ்சம் பின்னால் விழும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைச் சரியான இடத்துக்கு நகர்த்த வசதி தர வேண்டும். நகர்த்தும்போது பழைய நேரம் அழியக் கூடாது. பொத்தானை அழுத்திய நேரம், பிறகு காணொளியைப் பார்த்துத் திருத்திய நேரம் ஆகிய இரண்டும் நிற்கட்டும். திருத்தியவரின் பெயரும் நிற்கட்டும்.

கடிகாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காணொளிக்கு ஒரு கடிகாரம், விசைப் பதிவுக்கு இன்னொன்று, ஒலி உணரிகளுக்கு மூன்றாவது என்று ஓடும் ஏற்பாடுகளை இன்றும் பார்க்கிறோம். இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு நாளில் 4 நொடிக்கு மேல் விலகிவிடும். விசையை நொடிக்கு 20 சுற்று ஏற்றி இறக்கும் சோதனையில் அது 80 சுற்றுகளுக்கு மேல். ஒரு பதிவில் இட்ட குறி மற்றப் பதிவில் எந்த இடம் என்று தெரியாவிட்டால் குறியின் பாதிப் பயன் போயிற்று. சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாப் பதிவுகளிலும் தெரியும் ஒரே நிகழ்வை, ஒரு விளக்கின் மின்னலோடு கூடிய மின்துடிப்பு போன்றதைப் பதித்துவிட்டால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

விசையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் உலோகச் சோர்வுச் சோதனைகளில் கதையே வேறு. நொடிக்கு 20 சுற்று வீதம் ஒரு கோடிச் சுற்றுகள் ஓட 5 லட்சம் நொடிகள் வேண்டும். கிட்டத்தட்ட 6 நாட்கள், இரவும் பகலும். யாரும் பக்கத்திலேயே நிற்க முடியாது. தானியங்கிக் குறிகள் இங்கே தவிர்க்க முடியாதவை: விறைப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியது, மின்சாரம் நின்றது, எண்ணெய் வெப்பநிலை ஏறியதால் இயந்திரம் தானே நின்றது, மீண்டும் தொடங்கியது. இவற்றில் நிறுத்தங்களைத்தான் பலர் குறிக்காமல் விடுகிறார்கள். சுற்று எண்ணிக்கை தொடர்கிறதே, நடுவில் நின்றால் என்ன என்று நினைக்கிறார்கள். நின்ற நேரத்தில் விரிசலின் உட்பரப்பு காற்றில் துருப்பிடிக்கலாம். மீண்டும் தொடங்கும்போது விசை ஒரு கணம் எகிறியிருக்கலாம். அப்படி ஒரே ஒரு மிகைவிசை வந்தாலும் அதற்குப் பின் விரிசல் வளரும் வேகம் நெடுநேரம் குறைந்திருக்கும். முறிவுப் பரப்பை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒரு கோடு தெரியும். அது எந்த நிறுத்தத்தால் வந்தது என்று சொல்லப் பதிவில் குறி வேண்டும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலைமுறை ஒன்று உண்டு. விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும்போது, சுற்றின் உச்ச விசையை மாற்றாமல் அதன் மிகக் குறைந்த விசையை மட்டும் உயர்த்திச் சில ஆயிரம் சுற்றுகள் ஓட்டுவார்கள். விரிசலின் வேகம் குறைந்து, உலோகத்தின் முறிவுப் பரப்பிலேயே ஒரு பட்டை பதியும். இப்படி இடைவெளி விட்டுப் பல பட்டைகளைப் பதித்துவிட்டு, துண்டு முறிந்த பின் பரப்பைப் பார்த்தால், எந்தச் சுற்றில் விரிசல் எங்கே இருந்தது, அதன் முகப்பு எந்த வடிவில் இருந்தது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். துண்டின் வெளியே நின்று பார்க்க முடியாத விரிசலைக்கூட இப்படிப் பின்தொடரலாம். உலோகமே குறிப்பேடாகிறது. ஆனாலும் பட்டை பதித்த வேளைகள் சுற்று எண்ணோடு பதிவில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் தொலைந்தால் உலோகத்தில் இருக்கும் அழகான பட்டைகள் அத்தனையும் வெறும் கோடுகள். அப்படிப்பட்ட முறிவுப் பரப்புகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கான உழைப்பு அதில் இருக்கும். படிக்க வழி இருக்காது. அதைப் பார்க்கும்போது வரும் வருத்தம் சாதாரணமானதல்ல.

ஒலி உமிழ்வுப் பதிவுகளிலும் இதே நிலைதான். பொருளுக்குள் விரிசல் வளரும்போதும் இழைகள் அறுபடும்போதும் எழும் மிக நுண்ணிய அதிர்வலைகளை உணரிகள் பிடிக்கின்றன. முன்பு ஏற்றிய உச்சச் சுமையைத் தாண்டும்வரை பல பொருள்கள் மௌனமாகவே இருக்கும் என்பதை யோசப் கைசர் தம் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் காட்டினார். அப்படியென்றால், சோதனைக்கு முன் துண்டைப் பிடியில் சரிபார்க்க ஒருமுறை சற்றே அதிகமாகச் சுமை ஏற்றி இறக்கியிருந்தால், அந்த நிகழ்வு பதிவில் குறிக்கப்படாதவரை, பின்னால் வரும் மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? இன்னொன்று: உணரிகள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க, இயந்திரப் பென்சிலின் மெல்லிய முனையைத் துண்டின் மேல் அழுத்தி முறிப்பது வழக்கம். அந்த முறிவு விரிசலின் அலையைப் போன்ற கூர்மையான அலையை எழுப்பும். அதற்காகத்தான் அதைச் செய்கிறோம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்துவிட்டு "பென்சில் முறிப்பு" என்று குறிக்காமல் விட்டால், அந்தக் கோப்பைப் பின்னால் திறப்பவர் அவற்றையும் விரிசல்களாக எண்ணிவிடுவார். பிடிகள் உராயும் ஓசை, பக்கத்தில் வண்டி போன அதிர்வு எல்லாமே அப்படித்தான்.

சோதனைக்கூடத் தலைவர்களே, எதைக் குறிப்பது என்று பயிற்சி கொடுக்கும்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்லுங்கள். குறி என்பது கண்டதும் கேட்டதும். முடிவு அதற்குப் பிறகு. "விரிசல் தொடங்கியது" என்று எழுதுவதைவிட "கீழ்ப்பிடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஓசை, வெளியே எதுவும் தெரியவில்லை" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். முதல் வாக்கியம் தவறாகிப்போகலாம். இரண்டாவது தவறாகாது, பத்தாண்டு கழித்தும் பயன்படும். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் டேவிட் கிர்கால்டி நடத்திய சோதனைக்கூடத்தின் வாசலுக்கு மேலே "கருத்துகள் அல்ல, உண்மைகள்" என்ற பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டது. அவர் முறிந்த பரப்புகளைக் கையால் நுணுக்கமாக வரைந்து வைத்த மனிதர். எண்களோடு நின்றுவிடாமல், எப்படி முறிந்தது என்பதையும் உண்மைகளின் கணக்கில் சேர்த்தவர். விளக்கம் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளக்கத்துக்குத் தனி இடம் கொடுங்கள். கண்டதன் மேல் அதை ஒட்டிவிடாதீர்கள்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இழைக் கூட்டுப்பொருள்களின் இழுவிசைச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பின் டி3039 தரநிலையில், துண்டு எப்படி முறிந்தது, எந்தப் பகுதியில், எந்த இடத்தில் என்று மூன்றெழுத்தில் குறிக்கும் முறை இருக்கிறது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த மூன்றெழுத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் அது முடிவை மட்டும் சொல்கிறது. முதல் அடுக்கு எப்போது வெடித்தது, ஓரம் எப்போது பிரியத் தொடங்கியது, பிடிப்பட்டை (பிடி கவ்வும் இடத்தில் ஒட்டிய பட்டை) எப்போது ஒட்டு விட்டது என்ற இடைவழி நிகழ்வுகளுக்கு ஒவ்வொரு சோதனைக்கூடமும் தனக்குத் தோன்றிய சொல்லை வைத்துக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலை உங்கள் கூடத்துக்குள்ளாவது ஒப்புக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாததை எழுதத் திறந்த இடமும் விடுங்கள். முக்கியமான நிகழ்வு பெரும்பாலும் பட்டியலில் இல்லாததாகத்தான் இருக்கும்.

தணிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கூடங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 தரநிலையின் 7.5ஆம் பிரிவு, மூல அவதானிப்புகளும் தரவுகளும் கணக்கீடுகளும் செய்யப்படும் நேரத்திலேயே பதியப்பட வேண்டும் என்கிறது. பதிவில் திருத்தம் செய்தால் முந்தையதும் திருத்தியதும் இரண்டுமே இருக்க வேண்டும், திருத்திய நாளும் எதைத் திருத்தினார்கள் என்பதும் பொறுப்பானவரும் தெரிய வேண்டும் என்கிறது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இயந்திரத்தருகே நின்றவர் கண்டது மூல அவதானிப்பு இல்லையென்றால் வேறு எது? நீங்கள் வரும்போது விசையை அளக்கும் லோட் செல்லின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேட்கிறீர்கள், வெப்பமானியின் சான்றிதழைக் கேட்கிறீர்கள். நல்லது. கூடவே ஒரு சோதனைப் பதிவைத் திறக்கச் சொல்லி, "இதில் குறிகள் எங்கே? யார் இட்டார்? எது நீக்கப்பட்டது?" என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் ஓராண்டுக்குள் எல்லாக் கூடங்களிலும் மாற்றம் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

குறியிடாமல் விடுவதற்குப் பல இடங்களில் உண்மையான காரணம் சோம்பல் அல்ல, அச்சம். குறி இருந்தால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். சோதனையில் தேறிய துண்டின் பதிவில் "ஓசை கேட்டது" என்றிருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் மேலிருப்பவர் வாய்விட்டுச் சொல்லாமலேயே, கீழிருப்பவர் குறிக்காமல் விடக் கற்றுக்கொள்கிறார். இது ஆபத்தான பாடம். நாம் சோதிக்கும் துண்டு ஒரு பாலத்தின் பற்றவைப்பிலிருந்தோ, அழுத்தக் கலத்தின் தகட்டிலிருந்தோ, உடலில் பொருத்தும் எலும்புத் தண்டிலிருந்தோ வந்திருக்கலாம். எண் தேறிவிட்டது என்பது முழு உண்மையில் ஒரு பகுதி. எப்படித் தேறியது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அதைப் பயன்படுத்தப்போகும் பொறியாளருக்கு உண்டு. விரிசலுள்ள துண்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் முறிவுத் தாங்குதிறன் சோதனைகளில் விரிசல் சிறிது தாவி நின்றுவிடும் நிகழ்வை வளைகோட்டில் ஒரு சின்னப் பல்லாகப் பார்க்கிறோம். அதை எப்படி மதிப்பிடுவது என்று தரநிலைகளே விதி வகுத்திருக்கின்றன. அந்தப் பல்லைக் 'கருவிச் சத்தம்' என்று வழித்துவிடும் உரிமை யாருக்கும் இல்லை. அது சத்தம்தான் என்றால் அப்படியே குறித்து, காரணத்தையும் எழுதுங்கள்.

குறியிடும் உரிமை யாருக்கு என்பதிலும் தயக்கம் காணப்படுகிறது. பொறியாளர் மட்டுமே குறியிடலாம் என்று வைத்திருக்கும் கூடங்கள் உண்டு. பொறியாளர் மேசையில் இருக்கிறார். துண்டை மாட்டி, பிடியை இறுக்கி, பக்கத்தில் நிற்பவர் தொழில்நுட்ப உதவியாளர். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கூட சில வேளைகளில் மற்றவர் பார்க்காததைப் பார்ப்பார், பழகிய கண் எதிர்பார்த்ததையே பார்க்கும் என்பதால். அவர் இட்ட குறியைச் சரியில்லை என்று மேலாளர் கருதினால் பக்கத்தில் தம் கருத்தை எழுதட்டும். அழிக்க வேண்டாம்.

மென்பொருள் எழுதுவோரே, உங்களிடம் கேட்பதற்கு நிறைய உண்டு. ஆனால் எதுவும் கடினமல்ல. முதலில், குறியிட ஒரே ஒரு பெரிய பொத்தான் போதும். கையுறை அணிந்த கையால், திரையைப் பார்க்காமலே அழுத்தும்படி இருக்க வேண்டும். காலால் மிதிக்கும் பொத்தான் கிடைத்தால் இன்னும் நல்லது, கண் துண்டை விட்டு விலகாது. அழுத்திய உடனே நேரம் பதியட்டும், சொல் பிறகு வரட்டும். இப்போது பல மென்பொருள்களில் பொத்தானை அழுத்தினால் ஒரு பெட்டி திறந்து, வகையைத் தேர்ந்தெடு, விளக்கம் எழுது, சரி என்று அழுத்து என்கிறது. அதற்குள் துண்டு முறிந்துவிடுகிறது. வாயால் சொல்வதைப் பதியும் வசதியிருந்தால் எழுதும் வேலையே குறையும்.

குறியை வாசிப்பின் வரிசை எண்ணோடு கட்டாதீர்கள், நேரத்தோடு கட்டுங்கள். வரிசை எண்ணோடு கட்டினால், யாராவது தரவைக் குறைத்து எடுத்தாலோ முன்பகுதியை வெட்டினாலோ குறிகள் எல்லாம் வேறிடத்துக்குப் போய்விடும். போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. காணொளியில் குறியைப் படத்தின் மேலேயே வரைந்து சேமிக்காதீர்கள். விரிசலைச் சுற்றி இட்ட சிவப்பு வட்டமே விரிசலின் நுனியை மறைத்த படங்கள் ஏராளம். நாளை வேறொருவர் அந்தப் படத்தை அளக்க வேண்டியிருக்கும். மூலப் படம் மூலமாகவே இருக்கட்டும். குறி தனி அடுக்கில் இருந்து, வேண்டும்போது மேலே தோன்றி, வேண்டாதபோது விலகட்டும். நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 40 மில்லிநொடி இடைவெளி. நொறுங்கும் தன்மையுள்ள பொருளில் விரிசல் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் என்பதால், அந்த இடைவெளியில் எல்லாமே நடந்து முடிந்திருக்கும். எனவே குறி ஒரு புள்ளியாக மட்டுமல்லாமல், "இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில்" என்று சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பதிவுகளைப் பார்த்து விரிசலையும் நெகிழ்வையும் தானாகக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அது கற்றுக்கொள்வது நாம் குறியிட்ட பதிவுகளிலிருந்துதான். யார் இட்டார், எப்போது இட்டார், கண்டு இட்டாரா ஊகித்து இட்டாரா என்று தெரியாத குறிகளைக் கொடுத்தால், நம் ஊகங்களையே அது உறுதியான குரலில் திருப்பிச் சொல்லும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஏற்றுமதி. மென்பொருளுக்குள் இருக்கும்வரை குறிகள் பத்திரமாக இருக்கின்றன. அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்ததும் எண்கள் மட்டும் வருகின்றன, குறிகள் உதிர்ந்துவிடுகின்றன. அறிக்கையில் ஒரு படமாக அவை தெரிகின்றன என்பது போதாது. படத்திலிருந்து நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக்கோப்பாக, நேரம், இட்டவர், சொல், திருத்த வரலாறு ஆகியவற்றோடு குறிகளும் கூடவே வரட்டும். உங்கள் அடுத்த பதிப்பை வெளியிடும் முன், குறிகள் நிறைந்த ஒரு பதிவை எடுத்து ஏற்றுமதி செய்து, உங்கள் மென்பொருள் இல்லாத ஒரு கணினியில், அந்தச் சோதனையைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடிந்த பிறகு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சோதனைப் பதிவுகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பொறியாளர்